பாறைக்குப் பிரித்த தொட்டி

கறுப்புத் துணியைத் தூக்கியதும் மீன்கள் மேலே வந்தன.

வந்திருக்கக் கூடாது. ஆள் நிழல் பட்டவுடன் கல்லிடுக்கிலும் குழாய்த் துண்டுகளுக்குள்ளும் புகுந்து மறைந்திருக்க வேண்டும். ஆனால் மச்சினன் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க, அத்தனையும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் பரிமாறுகிறவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தன.

"மாமா, இங்க வாங்க. இதென்ன கூத்து?"

அக்காள் கணவனான அவன் கொட்டகையின் மறுபக்கத்தில் கடல்நீர் வடிகட்டியை அலசிக்கொண்டிருந்தான். பார்க்காமலே அவனுக்குத் தெரியும். இருந்தாலும் வந்து பார்த்தான்.

"யாரு கையால தீனி போட்டது?" என்றான் மச்சினன். "குழாய் வழியாத்தான் போடணும்னு அக்கா எத்தனை வாட்டி கத்தியிருக்கு? ஒரு நாள் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்தேன்னு வலைப்பிடியாலயே மண்டையில போட்டுச்சு."

தொட்டியின் பக்கவாட்டில் சாக்கட்டியால் ஒரு வெள்ளை வட்டம். பாறைக்கு உரியது என்பதற்கு அடையாளம். ஈரம் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. அதை யாரும் மறுபடி எழுதவில்லை, துடைக்கவும் இல்லை.

அவன் மனைவி போட்ட வட்டம் அது.

தொழில் இதுதான். கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் அலை உடைகிற வெள்ளைக் கோடு தெரியும். அங்கேதான் பவளப்பாறை. நிலா இல்லாத நாட்களில் ஆழ்கடலிலிருந்து மீன்குஞ்சுகள் அந்தப் பாறைக்குக் குடிவரும். நடுக்கடலில் பொரிந்து, நீரோட்டம் போன பக்கமெல்லாம் போய், இனிமேல் ஒரு வீடு வேண்டும் என்று வருகிறவை. நகத்தளவு இருக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும். உடம்புக்குள் முள்ளும் இரண்டு கண்ணும்தான் தெரியும். வந்ததில் பெரும்பகுதி மறுநாள் வெயிலைப் பார்ப்பதில்லை. பாறை நெடுக வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பவை அதிகம். அப்படிப் போக இருப்பதில் கொஞ்சத்தை விளக்குக் கூடு வைத்துப் பிடித்து, கரையில் தொட்டிகளில் வளர்த்து, வீட்டில் கண்ணாடித்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அனுப்புகிறார்கள். வளர்ந்த மீனைப் பாறையில் போய்த் தொடுவதில்லை. பாறையை உடைப்பதில்லை. அந்தியில் கூட்டைக் கட்டிவிட்டு வருவார்கள். சூரியன் தலைகாட்டுவதற்கு முன் போய்த் தூக்குவார்கள். தாமதித்தால் கூட்டுக்குள்ளேயே ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

எடுத்ததில் ஒரு தொட்டி பாறைக்கு. அது வளர்ந்து, சட்டென்று யார் வாய்க்கும் அடங்காத அளவு வந்தபின் திரும்பப் போய்விடும். அந்தத் தொட்டியைக் கூடு தூக்கிய காலையிலேயே பிரித்துவிட வேண்டும் என்பது கட்டாயம். அப்போது எல்லாம் கண்ணாடி. எது மலிவு, எது விலை போகும் என்று தெரியாது. ஒரு நாள் போனால் நிறம் ஏறிவிடும்.

"நிறம் வந்தப்புறம் பிரிச்சா கை வராது" என்பாள் அவள். "வேண்டாததையெல்லாம் பாறைக்குத் தள்ளிவிட்டுட்டு, தர்மம் பண்ணிட்டோம்னு நாமளே முதுகைத் தட்டிக்குவோம்."

அதனால் அவள் வெள்ளைக் கிண்ணத்தால் மொண்டு, எதையும் பார்க்காமல், வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுவாள். அன்றைக்கும் அப்படித்தான் ஊற்றினாள். வட்டம் போட்டாள். துணியை மூடினாள். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். "ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் தண்ணி கொடேன்" என்றாள். அவன் தண்ணீர் கொண்டுவந்தபோது வாளி உருண்டு கிடந்தது.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். மறுநாள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

வட்டம் முழுதாக இருந்தது. அவள் எதையும் அரைகுறையாக விடுகிறவள் அல்ல.

மீன்களுக்கு நிறம் வந்ததை அவள் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றான் அவன்.

"நீங்களா!"

"காலையில மட்டும். ஒரு விரல் நுனி அளவு."

மச்சினன் குனிந்து பார்த்தான். "விரல் நுனி தின்ன உடம்பா மாமா இது? ஒவ்வொண்ணும் தொந்தி வெச்சிருக்கு. கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுன்னு இருக்கு."

மாமியார் தேநீர்த் தம்ளர்களோடு வந்து நின்றிருந்தாள். மகளை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. இந்தத் தொட்டி காலியானதும் மகனோடு போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்ளர்களைத் தரையில் வைத்தாள்.

"சாயங்காலம் நான் போட்டேன்" என்றாள்.



"சரியாப் போச்சு" என்றான் மச்சினன்.

"மாப்பிள்ளை இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கிறதில்லையேன்னு நெனச்சேன்டா. கல்லு மாதிரி இருக்காரு, இதுங்களை யாரு கவனிப்பான்னு..."

"உங்களுக்கு இந்தத் தொட்டியைப் பார்க்கவே பிடிக்கலைன்னு நான் நெனச்சேன் அத்தை."

"பிடிக்காம என்ன? அவகிட்ட சொல்றதையெல்லாம் இதுங்ககிட்டதான் சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னைக்குக் குழாய்ல தண்ணி வரல, உன் புருஷன் சோத்தை அளைஞ்சுட்டு எழுந்துட்டாரு. இப்படித்தான்."

மச்சினன் தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். "நல்ல குடும்பம். ஒரு கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு மீனுகிட்ட பேசியிருக்கீங்க, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல."

மாமியார் மட்டும் லேசாகச் சிரித்தாள். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

விற்கிற தொட்டிகளில் மீன்களைக் கைக்குப் பழக்குவார்கள். வாங்குகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். பாறைக்குப் போகிறவை மட்டும் கறுப்புத் துணிக்குள் வளரும். தீனி வளைந்த குழாய் வழியாகப் போகும். சோறு எங்கிருந்து வருகிறது என்று அவற்றுக்குத் தெரியவே கூடாது. மேலே ஒரு நிழல் விழுந்தால் சாவு என்று மட்டும் தெரிய வேண்டும்.

இந்தத் தொட்டி மீன்களுக்கு நிழல் என்றால் சோறு.

"நாளைக்குப் படகு சொல்லியிருக்கேன்" என்றான் மச்சினன். "இப்படியே கொண்டுபோய் விட்டா என்ன ஆகும் தெரியுமா? மேல கலவா மீன் வாயைப் பொளந்துக்கிட்டு வந்து நிக்கும். இதுங்க, அம்மா வந்துட்டாங்க, மாமா வந்துட்டாருன்னு ஓடிப்போய் எதிர்ல நிக்கும். அவ்வளவுதான்."

அதைக் கேட்டபடியே அவன் கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினான். பழக்க தோஷம். மஞ்சள் உடம்பில் கண் வழியே கறுப்புப் பட்டை ஓடுகிற ஒன்று முந்திக்கொண்டு வந்தது. மேல்துடுப்பில் ஒரு கிழிசல். மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் இருந்ததால் மாமியார் அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாள் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. துக்கத்துக்கு வந்த உறவுகள் புறப்பட்டுப் போய் வீடு வெறிச்சென்று கிடந்த முதல் காலையில், என்ன செய்வது என்று தெரியாமல் அவன் துணியைத் தூக்கினான். எல்லாம் ஓடி மறைந்தன. இது மட்டும் மறையவில்லை. விரலில் ஒட்டியிருந்த இறால் தூளைக் கொத்தியது. அந்தக் கொத்து அவனுக்கு உறைத்தது. பல நாட்களாக எதுவும் உறைக்காமல் இருந்தவன் அவன்.

படகு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மற்றத் தொட்டிகளை எடுக்க வியாபாரி வண்டியோடு வந்தார். நல்ல மனிதர். சாவுக்கும் வந்து பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனவர். தெர்மாகோல் பெட்டிகளை இறக்கவைத்துவிட்டு, பாலிதீன் பைகளில் மீன்களைப் பிடித்துக் காற்று நிரப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சினன் துணியைத் தூக்கிக் காட்டினான்.

"அடேயப்பா" என்றார். உள்ளங்கையை நீட்டினார். மீன்கள் வந்தன. "தம்பி, இதுங்களா பாறைக்கு? விளையாடறீங்களா? இந்த மஞ்சளு, இந்த நீல வாலு... இதுங்க ஒண்ணா ஒரே தொட்டியில அமையறது எவ்வளவு அபூர்வம். நாய்க்குட்டி மாதிரி வருதே!"

"அது பிரிச்சு வெச்சதுங்க" என்றான் அவன்.

"தெரியுது. வட்டம் தெரியுது. நான் அடுத்த வாரம் வர்றப்ப எடுத்துக்கறேன். அதிகமாவே தர்றேன். வேற ஒண்ணும் சொல்லல. விட்டா செத்துடும், கொடுத்தா பொழைக்கும். யோசிச்சுக்கங்க."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம்.

சாப்பாட்டின்போது பேச்சு அங்கேயே வந்து நின்றது. மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் சோற்றையும் அவித்த முட்டையையும் நடுவில் வைத்தாள். வெளியே மழை வருகிற மாதிரி காற்று தகரக் கூரையை ஆட்டியது.

"அக்கா இருந்தா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும்" என்றான் மச்சினன். "ஆனா அக்கா இருந்திருந்தா இதுங்க இப்படி ஆகியிருக்காது. கணக்கு மாறிப்போச்சு மாமா. வித்துடலாம். அடுத்த அமாவாசை இருட்டுல ரெண்டு தொட்டி பாறைக்குப் பிரிச்சா சரியாப் போயிடும்."

அவன் முட்டையை இரண்டாகப் பிட்டான். சாப்பிடவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க அத்தை?"

"என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல? எங்கயாவது உயிரோட இருந்தா போதும்."

"கண்ணாடிக்குள்ளயா?"

மாமியார் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா, கண்ணாடிக்குள்ளதான். ஆஸ்பத்திரியில அவளைக் கண்ணாடி வழியாத்தானே பார்த்தோம். இப்படியே காலம் பூரா பார்த்துக்கிட்டு நில்லுன்னு சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேன் மாப்பிள்ளை. வேணாம்னு சொல்லியிருப்பேனா?"

அவனும் நின்றிருப்பான்.

மச்சினன் எழுந்து கை கழுவப் போனான். அங்கேயே வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"அவ முகத்தைத் திருப்பிக்கிட்டு ஊத்தினா அத்தை" என்றான் அவன். வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல் இருந்தது. "நல்லதா கெட்டதான்னு பார்க்காம ஊத்தினா. கடைசியா செஞ்ச வேலை. நாம நிறத்தைப் பார்த்துட்டு, ஆசையாப் பழக்கிட்டு, இப்ப செத்துடும்னு சொல்லித் திருப்பி எடுத்தா..."

மாமியார் அவன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இதையாவது தின்னுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மாமியார்தான் ஆரம்பித்தாள். அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"பயந்தாத்தான் பொழைக்கும்னா, பயப்பட வைங்க."

"என்ன அத்தை?"

"பழக்கினது நாமதானே? நாமளே மாத்துவோம். ஒரு வீட்டுல ஒருத்தர் அடிக்கணும், ஒருத்தர் சோறு போடணும். எங்க வீட்டுல அவரு அடிப்பாரு, நான் போடுவேன். பிள்ளைங்க உருப்படியாத்தான் வளர்ந்துச்சு."

"யாரு அடிக்கிறது?"

"நான் முயற்சி பண்ணிட்டேன். இப்பத்தான் போயிட்டு வர்றேன்." கையை விரித்துக் காட்டினாள். ஈரமாக இருந்தது. "என் கை வரல."

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனான்.

துணியைத் தூக்கினான். வந்தன. கையை மேலே காட்டினான். நெருங்கி வந்தன. ஓங்கி அடித்தான்.

தண்ணீர் எகிறி முகத்தில் பட்டது. மீன்கள் சிதறின. ஒரு கணம் தொட்டியில் எதுவும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கல்லுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, திரும்பவும் மேலே வந்தன. ஏதோ கை தவறிவிட்டது, தெரியாமல் செய்துவிட்டான் என்பதுபோல் வந்தன. அவன் மறுபடி அடித்தான். மறுபடி வந்தன. அவன் துணியை மூடிவிட்டு, அந்தக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

துணிக்கு அந்தப் பக்கம் மாமியார் குழாயில் இறால் தூளைப் போடும் சத்தம் கேட்டது. அவள் எதுவும் பேசவில்லை. இத்தனை நாள் பேசியவள், பேச்சையும் நிறுத்தவேண்டும் என்று தானாகவே புரிந்துகொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

பிறகு அதுவே அன்றாட வேலை ஆனது. காலையில் கழிவை உறிஞ்சி எடுப்பது, தண்ணீர் மாற்றுவது, அடிப்பது. மதியம் அடிப்பது. மாலையில் அடிப்பது. வெறும் கையால் அடித்தது போதாமல், கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துரத்தினான். வலையால் மடக்கிப் பிடித்து, கொஞ்சம் இறுக்கி, விட்டான். மச்சினன் ஒரு நாள் வந்து தானும் அடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கே பயமா இருக்கு மாமா" என்று சொல்லிக்கொண்டு வெளியே போய் பீடி பற்றவைத்தான்.

நீல வால்கள் முதலில் கற்றுக்கொண்டன. துணியின் ஓரம் அசைந்தாலே கல்லுக்குள் போயின. கோடு போட்டவை அடுத்து. மஞ்சள்கள் மெதுவாக. வாத்தியார் கடைசி. மற்றதெல்லாம் மறைந்த பிறகும் அது நடுத் தொட்டியில் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேலே பார்க்கும்.

"வாத்தியாருக்குப் பாடம் ஏறலையா?" என்று கேட்டாள் மாமியார்.

"ஏறும்."

"அதை மட்டும் வேணா..."

"வேணாம் அத்தை."

"நான் ஒண்ணும் சொல்லல."

கடைசியில் அதுவும் போனது. ஒரு மாலையில் கையைக் காட்டியதும், கிழிந்த துடுப்பை மடக்கிக்கொண்டு குழாய்த் துண்டுக்குள் நுழைந்தது. வரவே இல்லை. அவன் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். தண்ணீர் அசையவில்லை. அவன் வேண்டியது அதுதான். மனைவி சாவுக்குக்கூட அழாத மாப்பிள்ளை என்று ஊர் பேசியிருந்தது. இப்போது வெறுந்தொட்டியைப் பார்த்து, தகரச் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து அழுதான். மாமியார் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடுப்பில் எதையோ கிளறுகிற சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

வியாபாரி சொன்ன வாரத்தில் வந்தார். துணியைத் தூக்கினார். கல்லும் குழாயும்தான் தெரிந்தன.

"எங்க தம்பி எல்லாம்?"

"உள்ளதான் இருக்கு."

அவர் கையை நீட்டிப் பார்த்தார். சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு துணியைப் பதவிசாக மூடினார். "சரி" என்றார். போகும்போது அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

விடியலில் விடுவதில்லை, அந்தியிலும் விடுவதில்லை. அப்போதெல்லாம் பெரிய மீன்கள் வேட்டையில் இருக்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகு மச்சினன் படகைப் பாறையின் உள்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். மூடிபோட்ட வாளிகள் படகின் நடுவில் ஈரச் சாக்குக்கு அடியில் இருந்தன. மாமியார் படகில் ஏறமாட்டாள், தலை சுற்றும். கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றது சின்னதாகத் தெரிந்தது. அவள் துணிப்பை கொட்டகை வாசலில் தயாராக இருந்தது.

அவன் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினான். மச்சினன் வாளியை ஒவ்வொன்றாகக் கொடுத்தான். தண்ணீருக்குத் தண்ணீர் மெதுவாகக் கலக்கவிட்டு, பவளக் கிளைகளுக்கு நடுவே வாளியைச் சாய்த்தான். புறப்பட்டன. யாரும் சொல்லிக்கொடுக்காமலே கிளை இடுக்குகளைத் தேர்ந்துகொண்டன. அவன் நிழல் அவற்றின் மேல் விழுந்தது. இன்னும் உள்ளே போயின. பார்க்க நன்றாக இருந்தது.

கடைசி வாளியிலிருந்து வெளியே வந்த ஒன்று மட்டும் நின்றது.

கிழிந்த துடுப்பு. மற்றவை எல்லாம் போய்விட்டிருந்தன. அது அகலமான தண்ணீரில், எந்தப் பக்கமும் சுவர் இல்லாத இடத்தில், தனியாக நின்று திரும்பியது. அவனைப் பார்த்தது. பிறகு அவன் கைக்கு வந்தது. விரல் நுனியில் ஒன்றும் இல்லை. இருந்தும் கொத்தியது.

அவன் கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தான். அவன் மூச்சுச் சத்தம் அவன் காதிலேயே பெரிதாகக் கேட்டது. இது இங்கே யாரையும் அறியாது. தெரிந்த ஒரே கை இதுதான். அந்தக் கையால்தான் அவன் அதை அடித்தான். உள்ளங்கையை விரித்து, முழு பலத்தோடு, பட்டுவிட்டால் பட்டுவிடட்டும் என்று அடித்தான். ஓரத்தில் பட்டது. மீன் புரண்டு, நிமிர்ந்து, ஒரு இருண்ட இடுக்கை நோக்கிப் பாய்ந்தது. அவன் பின்னாலேயே போய் இடுக்கின் வாசலிலும் அடித்தான். பவளம் கையைக் கீறியது.

அது திரும்ப வரவில்லை.

படகு கரை தொட்டபோது மாமியார் குடையை மடக்கிவிட்டு முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வந்திருந்தாள். அவன் கையில் ரத்தம் இருப்பதைப் பார்த்தாள். முந்தானை நுனியைக் கிழித்து அதைச் சுற்றிக் கட்டினாள்.

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு அத்தை."

"வாத்தியாரு?"

"போயிடுச்சு."

முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். தலையை நிமிர்த்தவில்லை.

"பயந்துதா?"

"நல்லா பயந்துச்சு."

"அப்ப சரி" என்றாள். அவன் கையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.